கையால் கீறிய வில்

லைப்ஸிக்கில் எட்டு ஆண்டுகளாக
பாட்டை வலமிருந்து இடமாகவே படித்தவள் நான்.
ஈயமும் தகரமும் கலந்த தகட்டில்
எல்லாம் திரும்பி நிற்கும்,
சுரம், கோடு, அடியில் கவிதை.
எழுத்துக்கு ஓர் உளி, உளிக்கு ஓர் அடி.

ஓத்மார் போர்முனைக்குப் போனதும்
அவர் மேசை எனக்கு வந்தது.
சுத்தியல் பிடியில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம்
எனக்குப் பொருந்தவில்லை.
துணி சுற்றிக்கொண்டேன்.

உருளைக்கிழங்கு அழுகிப்போய்
மாட்டுக்குப் போடும் கிழங்கை
நாங்கள் தின்ற குளிர்காலம் அது.
ஃபோர்மன் குண்ட்லாக் பழைய தகடு ஒன்றைக் கொண்டுவந்தார்.
ஆல்பன் தீஸ்லர் போருக்கு முன் எழுதிய பாட்டு.
தீஸ்லர் இறந்து ஐந்து மாதம்.
நினைவுப் பதிப்பு போடவேண்டும்.
ஆனால் கவிதை பிரெஞ்சு,
லியோன் நகரத்துக் கிளோதில்ட் வெர்னே என்பவளுடையது.
"நம் பையனின் வாயில் எதிரியின் சொல்லா?" என்றார்.
ஜெர்மன் சொற்களை ஒரு சீட்டில் தந்தார்.

தகட்டைப் புரட்டிப் போட்டு
பின்புறமிருந்து தட்டினால்
குழி மேலே எழும்பும்.
தேய்த்தால் மழமழவென்றாகும்.
அப்படித்தான் ஒரு சொல் சாகிறது.
நான் அழித்தவை ஓத்மார் அடித்த எழுத்துகள்.
அவருடைய 'ஆர்' எப்போதும் இம்மி சாய்ந்திருக்கும்.
பிரெஞ்சு எனக்குத் தெரியாது.
எழுத்தெழுத்தாக அழித்ததில்
மனப்பாடமாகிவிட்டது.

பாட்டின் நடுவே ஓர் ஆறு.
அவள் மொழியில் மூன்று அசை:
ரி, வி, யேர்.
மூன்று சுரம், படிப்படியாக இறங்குபவை.
எங்கள் மொழியில் ஆற்றுக்கு ஒரே அசை: ஃப்ளுஸ்.
வாயைத் திறந்தால் முடிந்துபோகும்.
தளை தட்டியது.
சுரத்தைத் தொடக்கூடாது என்றார் குண்ட்லாக்,
செத்தவன் சொத்தாம்.
மிச்சமிருந்த இரண்டு சுரத்தையும்
அந்த ஒற்றை அசையோடு சேர்த்துக்கட்ட
மேலே ஒரு வில் போட்டேன்.

எங்கள் தொழிலில் மற்றதெல்லாம் உளி.
வில் மட்டும் வெறுங்கையால் கீறுவது.
காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.
கை நடுங்கி, வேண்டியதைவிட உயரமாக
வளைந்துவிட்டது.
குண்ட்லாக் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
நூறு பிரதி அடித்ததும்
தகடு இராணுவ வண்டியில் ஏறியது, தகரத்துக்காக.
அது எந்தத் தோட்டாவில் போயிற்றோ.

போர் முடிந்து இரண்டாம் ஆண்டு
சின்ன மண்டபம் ஒன்றில் அந்தப் பாட்டு.
பாடியவருக்கு இடது சட்டைக்கை
ஊசியால் மடித்துக் குத்தியிருந்தது.
ஆறு என்ற இடத்தில்
அந்த ஒற்றை அசையைப் பிடித்துக்கொண்டு
இறங்கினார், இறங்கினார்,
முன்வரிசையில் ஒருவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.
மறுநாள் செய்தித்தாள் எழுதியது:
"சாவை முன்னறிந்த இளைஞனின் நெடுமூச்சு."

நெடுமூச்சுமில்லை, ஒன்றுமில்லை.
பசி.
யாரிடம் போய்ச் சொல்ல?
எனக்கும்தான் தொண்டை அடைத்தது.

போன மாதம் லியோனிலிருந்து ஒரு கடிதம்,
அச்சகத்தின் பெயருக்கு.
தன் சொற்களோடு அந்தப் பாட்டு கிடைக்குமா என்று
கிளோதில்ட் வெர்னே கேட்டிருந்தாள்.
கறுப்பு விளிம்பிட்ட தாள்.
யாருக்காக என்று எழுதவில்லை.

தகடு இல்லை. பழைய பிரதிகள் கூழாகிவிட்டன.
நினைவுப் பதிப்பைப் பார்த்து
சுரங்களைத் தாளில் எழுதினேன்.
சொற்கள் என் விரலில் இருந்தன, திரும்பியபடி.
இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் நிமிர்த்த
இரண்டு இரவு ஆயிற்று.
ஓத்மாரின் சாய்ந்த 'ஆர்' தானாகவே வந்தது.

உறையில் போடும்போதுதான் பார்த்தேன்.
ரி, வி, யேர்,
மூன்று அசையும் தனித்தனியே நிற்க,
அவற்றுக்கு மேலே
யாரும் கேட்காத அந்த வில்,
வேண்டியதைவிட உயரமாக.

சுரண்டும் கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
உறையை ஒட்டினேன்.